கூண்டு வண்டிக்கான மரத் தேர்வு

கூண்டு வண்டி என்பது, சுமை ஏற்றும் மாட்டு வண்டியின் மேல் வளைவான கூரை அமைத்து, ஆட்கள் அமர்ந்தும் இரவில் படுத்தும் செல்லத்தக்கதாக ஆக்கப்பட்ட வண்டி ஆகும். பேருந்துகள் பரவுவதற்கு முன்னர், புதுக்கோட்டை மாவட்டம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் குலதெய்வக் கோயில்களுக்கும் திருவிழாக்களுக்கும் குடும்பத்துடன் செல்ல இது பயன்பட்டது. இவ்வண்டி முழுவதையும் ஒரே மரத்தால் செய்வது பொருத்தமன்று. அடிப்பகுதி சுமையையும் அதிர்வையும் தாங்கவேண்டும். மேற்பகுதி எடை குறைந்ததாக இருக்கவேண்டும். கூரை கனத்தால் மாடுகள் களைப்பதுடன், மேடு பள்ளங்களில் வண்டி குடைசாயவும் கூடும்.

சக்கரம்

சக்கரத்தின் நடுவில் உள்ள குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்து நிற்கும் வட்டைகள் ஆகியவற்றுக்குக் கருவேல மரம் பெரிதும் விரும்பப்படுகின்றது. உலர்ந்த கருவேலம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோகிராம் எடை உடையது, அடி தாங்கும். வாகை, பூவரசு ஆகியனவும் பயன்படுகின்றன. கண்மாய்களில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் கடினமான மரமே. ஆனால் அது கோணலாகவும் பல கிளைகளாகவும் வளர்வதால், குடத்துக்கு வேண்டிய பருமனில் நேரான கட்டை கிடைப்பது அரிது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது.

உலர்த்தல்

மரத்தின் வகையைவிட அதன் ஈரமே பல வேளைகளில் வண்டியைக் கெடுக்கின்றது. மரம் உலரும்போது நீளவாக்கில் மிகச் சிறிதளவே, பொதுவாக 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே, சுருங்குகின்றது. குறுக்குவாட்டில் இச்சுருக்கம் 3 முதல் 10 விழுக்காடு வரை இருக்கலாம். எனவே பச்சை மரத்தில் செய்த சக்கரத்தில் ஆரக்காலின் நீளம் மாறாதிருக்க, குடமும் வட்டையும் சுருங்கிவிடும். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, நீர் ஊற்றிக் குளிர்விக்கும்போது கிடைத்த இறுக்கம் இதனால் போய்விடுகின்றது. கோடையில் சக்கரத்தை நீரில் நனைப்பது இதற்குத் தற்காலிகத் தீர்வு மட்டுமே.

25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது தோராயக் கணக்கு. முனைகள் விரைந்து உலர்ந்து வெடிக்காதிருக்க அவற்றில் மெழுகு அல்லது வண்ணம் பூசப்படும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் இம்மாவட்டத்தில் ஏராளமான பலா மரங்கள் சாய்ந்தன. பலா, கறையான் எளிதில் அரிக்காத நல்ல பலகை மரம். எனினும் விழுந்த கையோடு அறுத்துப் பொருத்தினால் பலகைகளுக்கு இடையே சந்து விழும். இங்கு காகிதக் கூழுக்காகப் பரவலாக வளர்க்கப்படும் தைலமரம், இளமரமாக வெட்டப்படும்போது பிளந்து முறுக்கிக்கொள்வதால் தளப் பலகைக்கு ஏற்றதன்று.

கூண்டு

கூண்டின் வளைவுகள் பிளந்த மூங்கிலால் ஆனவை; மேலே ஓலைப்பாய் வேயப்படும். மூங்கிலில் உள்ள மாவுப்பொருளை நாடியே வண்டு துளைக்கின்றது. சில வாரங்கள் நீரில் ஊறவைத்து உலர்த்தினால் இத்தொல்லை குறையும்.

தற்காலத்தில் மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் தங்கும் வண்டிகளில் கூண்டின் இடத்தை ஒட்டுப்பலகை (பிளைவுட்) பிடித்துள்ளது. இதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் சுருக்கம் மிகவும் குறைவு. மழையில் நனையும் இடங்களுக்கு ஐ.எஸ். 710 தரக்குறியுள்ள பலகை ஏற்றது; அதிலும் வெட்டிய ஓரங்களை வண்ணம் பூசி அடைக்காவிடில் நீர் உட்புகும்.