சிறுநீரக நோய்க்குப் பத்தியம்: எதை விடுவது, எதை விடக் கூடாது?



பேராதெனியாவில் புறப்பட்டுப் பதுளை வழியாக வரும் ஏ5 வீதி நம்ம செங்கலடியில்தான் வந்து முடிகிறது. அந்த வீதியின் இரண்டு கரையிலும் உழைக்கும் சனங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நோயைப் பற்றிப் பேசுவோம்.

1990களில் அனுராதபுரம் மாவட்டத்து விவசாயிகளிடையே, சர்க்கரை வியாதியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் பழுதாவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். பின்னர் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டைப் பக்கமும் அது அதிகமாகக் காணப்பட்டது. அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. மற்ற இடங்களில் சர்க்கரையும் பிரஷருமே பெரிய காரணங்கள்.

நோய் வந்தவரைக் கேட்டால், "உப்பு வேணாம், பழம் வேணாம், பருப்பு வேணாம் எண்டுட்டாங்க. கஞ்சித்தண்ணிதான் குடிக்கிறன்" என்பார். இப்படி எல்லாவற்றையும் விட்டால் நோயோடு சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

ஏன் பத்தியம்?

சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவையும் மிச்ச உப்பையும் வெளியேற்றுகிறது. அது தளர்ந்தால் உப்பு தேங்கி, வீக்கமும் பிரஷரும் கூடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கு உள்ளாகவே உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொற்றாசியம் இருக்கும். கேட்காமல் வாங்க வேண்டாம்.

பொற்றாசியம் இரத்தத்தில் மிஞ்சினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. ஆனால் இரத்தப் பரிசோதனையில் கூடியிருப்பவருக்கே இந்தக் கட்டுப்பாடு. காமரங்காய் மட்டும் சிறுநீரக நோயாளி எவருக்கும் ஆகாது. அதனால் விக்கல், தடுமாற்றம், வலிப்பு வந்து உயிரே போகலாம்.

தண்ணீரோடு போகும் சத்து

பொற்றாசியத்தைக் குறைக்க, மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். அது சரியான முறைதான். ஆனால் பி வகை விற்றமின்கள், போலிக் அமிலம், விற்றமின் சீ ஆகியவையும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். டயலிசிஸ் செய்யும்போதும் இவை வெளியேறும். சலம் போவதற்குத் தரும் மாத்திரையும் பி1 சத்தை வெளியேற்றும்.

பி1 குறைந்தால் கால் விறைக்கும், எரியும், வீங்கும், களைக்கும். "இது சிறுநீரகத்தாலதான்" என்று நாம் சும்மா இருந்துவிடுவோம். ஆகவே கிளினிக்கில் தரும் பி விற்றமின், போலிக் அமில மாத்திரைகளை "சத்து மாத்திரைதானே" என்று தள்ளிவைக்காதீர்கள். தீட்டிய பச்சையரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் பி1 கூட உண்டு. அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டாம்.

வெயிலில் நின்றும் குறையும் விற்றமின்

விற்றமின் டீயை உடம்பு வெயிலில் உண்டாக்கினாலும், அதை வேலை செய்யும் நிலைக்கு மாற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. அது பழுதானால் கல்சியம் குறைந்து எலும்பு நோகும். இரத்தம் ஊறத் தூண்டும் சுரப்பும் சிறுநீரகத்திலிருந்தே வருவதால், சோகையும் சேரும். இவற்றுக்குரிய மருந்தைப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும்.

தானாக வாங்கக் கூடாதவை

விற்றமின் ஏ இந்நோயாளியின் உடம்பில் தேங்கி நஞ்சாகலாம். அதனால் மீனெண்ணெய், கடையில் விற்கும் பலவகை விற்றமின் டொனிக் வேண்டாம். விற்றமின் சீ மாத்திரையும் அளவு மீறினால் சிறுநீரகத்தில் படிவு உண்டாகும். மேல் நோவுக்கு டைக்லோபெனக், ஐபுபுரூபன் போட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும்.

புரதக் கணக்கு

டயலிசிஸ் செய்யாத 60 கிலோ ஆளுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 36 முதல் 48 கிராம் புரதம் போதும். டயலிசிஸ் தொடங்கினால் 60 முதல் 72 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. ஆகவே முன்பு "மீனைக் குறை" என்று கேட்டவர், டயலிசிஸ் தொடங்கிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் மெலிந்துபோவார்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு போகும்போது, "எதை விட வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம்?" என்றும் கேளுங்கள். நிறை குறைந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.