எந்த டிஸ்க் சொல்வது உண்மை?

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னே கடந்து சென்றது. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே ஒளி சில நொடிகள் சட்டென்று குறைந்து மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அதே நிகழ்வைப் பதிவு செய்திருந்தது. இரண்டையும் மற்றப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உறுதியாயிற்று. காவலூர் கண்ட அந்தச் சில நொடிகள் கருவிக் கோளாறு அல்ல என்று நம்ப முடிந்ததற்குக் காரணம், வேறோர் இடத்தில், வேறொரு கருவியில் எடுத்த பதிவும் கையில் இருந்ததுதான். அந்த இரவை மறுபடி வரவழைத்து அளந்து பார்க்க யாராலும் முடியாது.

அப்படி ஒரு பதிவு இன்று எடுக்கப்பட்டால் அது டிஸ்க் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரைதான் இதைப் பரவலாக்கியது. இன்று கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில்கூட இந்தப் பெட்டியைப் பார்க்கலாம். பெட்டி இருப்பதாலேயே தரவு பத்திரம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கை ஆபத்தானது என்கிறேன். டிஸ்க் செத்துப்போவதிலிருந்து ரெய்டு காக்கும். டிஸ்க் உயிரோடிருந்து தப்பாகச் சொன்னால் காக்காது. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் பேரிட்டி எனப்படும் சரிபார்ப்பு எண்ணாக 12 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடப்பது பிட் கணக்கு. கூட்டலாகப் பார்த்தால் எளிதில் புரியும். முதல் டிஸ்க் செத்தால் 12இலிருந்து 5ஐக் கழித்து 7ஐ மீட்டுவிடலாம். அது சாகாமல், 7க்குப் பதில் 6 என்று கொடுத்தால்? கணக்கு இடிக்கிறது என்பது மட்டும் தெரியும். தவறு எந்த டிஸ்க்கில் என்பது பெட்டிக்குத் தெரியாது. அன்றாட வாசிப்பில் பெரும்பாலான பெட்டிகள் கூட்டிப் பார்ப்பதுகூட இல்லை, 6ஐ அப்படியே நீட்டிவிடும். லினக்ஸின் வழக்கமான ரெய்டு மென்பொருளில் 'ரிப்பேர்' கொடுத்தால், தரவு சரி, பேரிட்டிதான் தவறு என்று எடுத்துக்கொண்டு 12ஐ அழித்து 11 என்று எழுதிவைக்கும். உண்மை என்ன என்று சொல்ல இருந்த கடைசிச் சாட்சியும் அதோடு போய்விடும்.

இதெல்லாம் எங்கோ எப்போதோ நடப்பது என்று தள்ளிவிட முடியவில்லை. நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருந்தன. பெரும்பாலான டிஸ்க்குகளில் ஒரு பிழையும் இல்லைதான். ஆனால் கண்டுபிடித்த பிழைகளில் 8 சதவீதம், செத்த டிஸ்க்குக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுத் தரவை மறுபடி கட்டும் நேரத்தில் வெளிப்பட்டவை. கைகொடுக்க வேண்டிய பேரிட்டி அந்த நேரத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கும்.

எனவே கோப்புகள் கெட்டிருப்பது தெரிந்ததும் முதல் வேலை, அந்தப் பெட்டியில் எழுதுவதை நிறுத்துவது. பழுதுபார்க்கும் கட்டளை எதையும் கொடுக்கக் கூடாது. எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஒட்டுச்சீட்டில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் முழுசாக நகலெடுத்து, சோதனைகளை நகலின் மேல் செய்ய வேண்டும். சேதம் எப்படி இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லும். 2048க்கு 2048 புள்ளிகள் கொண்ட ஒரு விண்மீன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு வரிசை 4096 பைட். ரெய்டு 64 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து எழுதினால் ஒரு துண்டு சரியாக 16 வரிசை. படத்தில் 16 வரிசை அகலப் பட்டைகளாக, விட்டுவிட்டுச் சேதம் தெரிந்தால் ஏதோ ஒரு டிஸ்க் பழைய தரவைக் கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். இடையில் கழன்றுபோய் மறுபடி சேர்க்கப்பட்ட டிஸ்க் இப்படிச் செய்யும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றைப் பிட் புரண்டிருந்தால் கணினியின் மெமரியைச் சோதிக்க வேண்டும். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், கேபிள் வழிப் பிழைகளை எண்ணும் 199ஆம் எண்ணின் கணக்கு ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளைச் சந்தேகிக்காமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கியெறிந்துவிடக் கூடாது.

ரெய்டு 6 என்ற வகையில் இரண்டு பேரிட்டி உண்டே, தப்பு சொல்லும் டிஸ்க்கை அதை வைத்துப் பிடிக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கணக்குப்படி ஒரு டிஸ்க் மட்டும் பொய் சொன்னால் பிடிக்கலாம். ஆனால் மேலே சொன்ன லினக்ஸ் மென்பொருள் அதைச் செய்வதில்லை. மெமரியில் கெட்டுப்போய் வந்த தரவுக்கோ, இரண்டு பேரிட்டியும் அந்தக் கெட்ட தரவுக்கே ஒத்துப்போகும்படி எழுதப்பட்டிருக்கும். பேக்கப் இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. கெட்ட கோப்பையும் பேக்கப் விசுவாசமாக நகலெடுத்து, நல்ல பழைய நகலின் மேல் எழுதிவிடும். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் நிரலில் நேர்ந்த கோளாறே சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பிலிருந்து சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவை அழித்தது. தப்பு செய்யும் கையே காப்பாற்றும் கையாகவும் இருந்தால் நடப்பது இதுதான்.

இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணான செக்சத்தைத் தனியே வைத்துக்கொண்டு, எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று அடையாளம் காண்கின்றன. அந்த வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வானியல் படங்கள் சேமிக்கப்படும் ஃபிட்ஸ் வடிவத்தின் தலைப்பிலேயே செக்சம் எழுத இடம் உண்டு. கேமராவிலிருந்து படம் இறங்கிய அந்த நிமிடமே அதை எழுதி, இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில் உள்ள வேறு கணினியிலும் வைக்கலாம். 8 மெகாபைட் படத்துக்கு இந்தக் கணக்கைப் போட ஒரு நொடிகூட ஆகாது. செலவு அதிகம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பெட்டியின் விலையைச் சொல்கிறார்கள், அது நியாயமான கவலைதான். அந்தப் பெட்டி வாங்க இந்த ஆண்டு பணம் இல்லையென்றால், செக்சத்தையாவது இன்றிரவு எடுக்கும் படத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம். எந்தக் கோப்புகளை நம்பலாம் என்று பிறகு பிரித்துப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.