கழிமுகச் சேற்றை மூடும் காக்கா ஆழி

மண்புழு உழவனின் நண்பன் என்பது நாம் அறிந்ததே. உப்பு நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றிலும் அதே வேலையைச் செய்யும் புழுக்கள் உண்டு. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் இப்போது இந்தப் புழுக்களுக்கும், இவற்றை நம்பியுள்ள இறாலுக்கும் பெரிய ஆபத்து வந்திருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நஞ்சையோடு இறால் குட்டையும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நடவு வயலில் ஒரு கை சேற்றை அள்ளிப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்பு ஏடு. அடியில் எல்லாம் கருநிறம். மேலேட்டுக்கு நீரிலுள்ள பிராணவாயு கிடைக்கிறது, அடிச்சேற்றுக்குக் கிடைப்பதில்லை. நெற்பயிர் தண்டின் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுபோவதால்தான் வேரின் மேல் துருப் போன்ற படிவு காணப்படுகிறது. கழிமுகச் சேறும் இப்படித்தான். அங்கே நெல் வேர் செய்யும் வேலையை நீரிஸ் போன்ற கடற்புழுக்கள் செய்கின்றன. சேற்றுக்குள் வளை தோண்டி, உடலை நெளித்து, நீரை உள்ளே இழுத்து வெளியே விடுகின்றன. வளையை வெட்டிப் பார்த்தால் கருஞ்சேற்றின் நடுவே அதன் சுவர் மட்டும் செம்பழுப்பாக இருக்கும். புழுக்கள் குறைந்துவிட்டால் கூமுட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு எளிதில் மேலேறும்.

இந்தப் புழுக்களோடு மட்டி, சிறு நத்தை, நண்டு முதலியனவும் அதே சேற்றில் வாழ்கின்றன. இறால் இவற்றைத் தின்று வளர்கிறது. பகலில் அங்கேயே புதைந்துகொள்கிறது. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்க முடிவது இதனால்தான். இறால் பொரிப்பகங்களில் தாய் இறால் நன்றாக முட்டையிடுவதற்கு இந்தப் புழுக்களைத்தான் விலை கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள் என்றால், இவற்றின் சத்தைச் சொல்லவும் வேண்டுமா!

எண்ணூர்ச் சேறு ஏற்கெனவே நொந்துபோன சேறு. அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாக அதில் படிந்தது. 1917 அல்ல, நம் காலத்திலேயே, 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்தது. இப்படிக் கெடும் சேற்றில் பல வகை உயிர்கள் மறைந்து, எதையும் தாங்கும் ஓரிரு புழு வகைகள் மட்டும் ஏராளமாகப் பெருகும். கவனிக்காத வயலில் கோரை மண்டுவதைப் போன்றதே இது.

இந்த நிலையில்தான் காக்கா ஆழி வந்து சேர்ந்திருக்கிறது. மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பது இதன் அறிவியற்பெயர். தாயகம் அமெரிக்க வெப்பமண்டலக் கடற்கரைகள். கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் சமநிலைக்காக ஏற்றும் நீரிலோ வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கேரளத்தில் இது இருப்பது 2019-இல் பதிவு செய்யப்பட்டது. உப்பு குறைந்த நீரையும் மிகுந்த நீரையும் இது தாங்கும். பச்சை ஆழிக்குப் பாறை போன்ற பிடிமானம் வேண்டும். இதுவோ நூல்களால் ஒன்றோடொன்று பிணைந்து சேற்றின் மீதே பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். வயலில் ஓடு பாவிவிட்டால் என்ன ஆகும்? அடியில் உள்ள மஞ்சள் மட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. புழுவுக்கு வளை வாயில் அடைபடுகிறது. இறாலுக்குப் புதைய இடமில்லை. கையால் தடவிப் பிடிப்போரின் கைகால்களை ஓட்டின் கூர்விளிம்பு கிழிக்கிறது.

மருந்து தெளித்து இதை ஒழிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஆழியைக் கொல்லும் நஞ்சு மட்டியையும் இறாலையும் முதலில் கொல்லும். ஆழிப் பாயை வாரி அகற்றுவதே வழி. அதிலும் சேற்றை ஆழமாகத் தோண்டாமல் வாருவது நல்லது.

கழிநீர் பாய்ச்சும் குட்டை உள்ளவர்கள் மதகுப் பலகை, கயிறு, கம்பம் ஆகியவற்றை வாரந்தோறும் பார்த்து, ஆழி சிறிதாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துக் கரையில் வெயிலில் காயப்போடவேண்டும். இதன் இளம்பருவம் மிகவும் நுண்ணியது; வலைத்தடுப்பில் நிற்காது. எண்ணூரில் போட்ட வலையையும் படகையும் நன்றாகக் காயவைக்காமல் வேறு கழிக்குக் கொண்டுபோகாதீர்கள். சும்மா கிடைக்கிறதே என்று இந்த ஆழியை வாத்துக்கும் கோழிக்கும் போடுவதும் சரியன்று. நீரை வடித்து உண்ணும் சிப்பிகள் ஆலைக் கழிவிலுள்ள உலோகங்களை உடலில் சேர்த்துக்கொள்ளும். வயலில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் சில நாட்களுக்கு வடிமடையை அடைத்து வையுங்கள். இவ்வகை மருந்து மிகச் சிறிதளவே கழியில் கலந்தாலும் இறால் குஞ்சுகள் மாண்டுபோகும்.