தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதா?

தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். திரிபுராவின் தலைநகர் அகர்தலா ஒரு புள்ளி. மேற்கு வங்கத்தின் தலைநகர் கொல்கத்தா ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையே நேராகக் கோடு போட்டால் சுமார் 330 கிலோமீட்டர். ஆகாய விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஏறினோம், அமர்ந்தோம், இறங்கினோம் என்று முடிந்துவிடும் பயணம்!

அதே ஊருக்கு ஒரு மூட்டை உப்பை லாரியில் ஏற்றி அனுப்புங்கள், பார்க்கலாம். கொல்கத்தாவிலிருந்து வடக்கே போக வேண்டும். பரக்காவில் கங்கையைத் தாண்ட வேண்டும். ஒடுங்கிய இடத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சமே அகலமுள்ள சிலிகுரிச் சந்தில் நுழைந்து அசாம் சேர வேண்டும். கௌகாத்தி கடந்து, மேகாலய மலைகளில் ஏறி இறங்கி, பராக் பள்ளத்தாக்கைத் தாண்டி, மறுபடி தெற்கே திரும்பித் திரிபுராவுக்குள் வர வேண்டும். மொத்தம் 1,500 கிலோமீட்டருக்கும் மேல்!

ஏன் இந்தச் சுற்று? மலை மறித்ததா? கடல் குறுக்கிட்டதா? இல்லை, இல்லை! 1947-இல் வரைபடத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோடு மறித்தது. அதுவரை அகர்தலா மக்கள் ரயிலேறியது பக்கத்திலிருந்த அக்கௌராவில். பிரிவினை வந்தது, அக்கௌரா அயல்நாடாயிற்று. முதலில் கிழக்குப் பாகிஸ்தான், 1971 முதல் வங்கதேசம். திரிபுராவுக்கு மூன்று பக்கமும் அந்த எல்லைதான். அதன் நீளம் 856 கிலோமீட்டர்.

இதனால் துன்பம் யாருக்கு? விமானச்சீட்டு வாங்க வசதி உள்ளவருக்கு அல்ல. அவர் பறக்கும் வழியில் பெரும்பகுதி வங்கதேசத்து வானம்தான். பணம் படைத்தவருக்கு வானம் வழிவிடுகிறது. ஏழையின் உப்பு மூட்டைக்கோ சுற்றுவழி! மழைக்காலத்தில் மலை சரிந்தால் அதுவும் இல்லை. 2022 மே மாதம் அசாமின் திமா ஹசாவ் மலைகளில் மண் சரிந்து இருப்புப்பாதை அறுந்தபோது, திரிபுராவுக்குப் போகும் ரயிலும் நின்றது. சரக்கு வராவிட்டால் கடையில் விலை ஏறும், கூலி ஏறுமா?

வழியே இல்லையா என்றால், உண்டு. 2014-இல் வங்கதேசம் இசைந்தது; மேக்னா ஆற்றின் ஆசுகஞ்ச் துறைமுகம் வழியாகத் திரிபுராவுக்கு அரிசி வந்தது. 2021 மார்ச்சில் பேனி ஆற்றின் மீது 1.9 கிலோமீட்டர் நீள நட்புப் பாலம் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் அகர்தலா–அக்கௌரா ரயில்பாதைக்கும் திறப்பு விழா நடந்தது.

பாலம் கட்டலாம், தண்டவாளமும் போடலாம். அவற்றின் மேல் வண்டி ஓடுவதற்கு இரு நாட்டு அரசுகளின் மனமும் இசைய வேண்டும். நட்பு முறியும் போதெல்லாம் நேர்வழி அடைபடும் என்றால், அந்தச் சுமை யார் தலையில் விடியும்? அரிசிக்கும் உப்புக்கும் காத்திருப்பவர் தலையில்தான்!

அரசுகள் மாறலாம், கருத்துகள் மோதலாம். ஆனால் மக்கள் உண்ணும் சோற்றுக்கான வழியைப் பேரம் பேசும் பொருளாக்கலாகாது. மூக்கு முகத்துக்கு நேரே இருக்கிறது. இன்னும் எத்தனை காலம் தலையைச் சுற்றித் தொடுவது?