ஏற்காடு பயணம்: இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்வோம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து வேன் பிடித்து ஏற்காடு போய் வருவது வழக்கம். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தான் என்பதால், புறப்படும் நேரத்தை மட்டும் பேசிவிட்டு, இறங்கும் நேரத்தை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எனவே ஏறிய அதே குறைந்த கியரில் இறங்க வேண்டும்; டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இருட்டோடு மூடுபனியும் சேர்ந்தால் பழகிய ஓட்டுநருக்கே வளைவு தெரியாது. ஆகவே மஃரிபுக்கு முன்பே அடிவாரம் சேரும்படி, மாலை 4 மணிக்கு இறங்கத் தொடங்குவோம். ஓட்டுநருக்கும் நம்மோடு சாப்பாடும், மதியம் ஒரு மணி நேர ஓய்வும் கொடுப்போம்.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். கிளியூர் அருவிக்குச் செல்லும் வழி செங்குத்தானது. முதியோரையும் மூட்டுவலி உள்ளவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டாம். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் இலேசான உணவு கொடுத்து முன் இருக்கையில் அமர்த்துங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சேலத்தைவிடக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்குப் பலியானதை மறக்க முடியாது. பிரியாணியை வீட்டிலேயே சமைத்து, பாத்திரத்தில் கொண்டு செல்வோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர்களுக்கு 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை உள்ளது.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வருவோரின் பெயர்ப் பட்டியலை ஒருவர் வைத்திருக்கட்டும். இறங்கும் முன் தலைகளை எண்ணிப் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும்.