15 நாளைக் கோட்டைவிடாதீர்கள்

பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மத்திய அரசு ஊழியர்கள் பலர் தங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை, அதாவது ஏபிஏஆரை, எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் முறையிடும் காலம் கடந்துபோகிறது. இலக்கு வைத்து மதிப்பிடுவதே ஊழியரின் மனநிறைவைக் கெடுக்கிறது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தானும் கலந்து பேசி வகுத்த இலக்கு யாரையும் சோர்வடைய வைக்காது. காரணம் சொல்லாத மதிப்பெண்ணும், கேட்க வழியில்லை என்ற நினைப்புமே மனதை உடைக்கின்றன. எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு 1993-94ஆம் ஆண்டில் கிடைத்தது ‘நன்று’; பதவி உயர்வுக்கு வேண்டியதோ ‘மிக நன்று’. அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. பாதகமோ சாதகமோ, எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவர் வழக்கில்தான்.

சரிசெய்யும் வேலை படிவத்திலேயே தொடங்குகிறது. ‘ஏ’ பிரிவு அதிகாரிகளுக்கான படிவத்தின் இரண்டாம் பகுதி இலக்குகளையும், எட்டியதையும், குறைந்ததையும், குறையக் காரணமான தடைகளையும் கேட்கிறது. தடைகளுக்கான இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் பிறகு புலம்புவதால் பயனில்லை. பணியிடம் காலியாகக் கிடந்ததா, நிதி பிப்ரவரியில்தான் வந்ததா? கடித எண்ணும் தேதியும் போட்டு அங்கேயே எழுதுங்கள். மொத்த மதிப்பெண் பத்துக்கு ஆறுக்குக் கீழே போனால் ‘மிக நன்று’ கிடையாது. மத்திய அரசின் 2009 மே 14ஆம் தேதி உத்தரவுப்படி முழு அறிக்கையும் உங்கள் கைக்கு வர வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முறையிடலாம். 30 நாளுக்குள் அதன்மேல் முடிவெடுக்க வேண்டும். முறையீட்டில் ‘அநீதி’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த இலக்கு, எவ்வளவு முடிந்தது, என்ன ஆவணம், எந்த மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்குமே என்று தயங்குவோர் உண்டு. அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் கோப்பில் எஞ்சுவது அவர் எழுதியது மட்டுமே. பதவி உயர்வுக் குழு படிக்கப்போவதும் அதைத்தான். மதிப்பீட்டை ஊழியரிடம் காட்டாமல் மேசையில் பூட்டிவைக்கும் அலுவலகங்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே மீறுகின்றன. அறிக்கை வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அதன்பின் ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. மாநில அரசு, வங்கி ஊழியர்களுக்கு விதிகள் வேறு. உங்கள் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால், அறிக்கை கிடைத்த தேதியை இன்றே குறித்து, அதிலிருந்து 15 நாளை எண்ணத் தொடங்குங்கள்.