சவலைக்குக் காரணம் பாலா?

மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயது. சோறு சாப்பிடப் பழகிவிட்டாலும், தூங்குவதற்கும் அழுகை அடங்குவதற்கும் அது தாயின் மார்பைத்தான் தேடுகிறது. இந்த நேரத்தில் தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டாவது கரு உறுதியானால், பாலை உடனே மறக்கடித்துவிட வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு. மார்பில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசுகிறார்கள். அதற்கும் மசியாத பிள்ளையைப் பாட்டி வீட்டில் சில நாள் கொண்டுபோய் விடுகிறார்கள். கரு தங்கிய பிறகு சுரப்பது கெட்ட பால், அதைக் குடித்தால் பிள்ளை சவலையாகிவிடும் என்று பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். பால் கொடுத்தால் கரு கலைந்துவிடும், தாயின் உடம்பு தாங்காது என்ற அச்சங்களும் கூடவே வருகின்றன. இப்படிச் சொல்பவர்கள் பிள்ளை மீது அக்கறையில்லாதவர்கள் அல்லர். பல தலைமுறையாகக் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டது சரியாக இருந்தும் அதற்குக் கற்பித்த காரணம் தவறாகிவிட முடியும். அடுத்த கரு தங்கியதும் மூத்தது மெலிவது உண்மை. கிடைத்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அதை மெலியவைப்பது பாலின் தன்மையன்று என்றே நான் முடிவு செய்கிறேன். பால் குறைகிறது அல்லது திடீரென்று நின்றுபோகிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய உணவு வந்து சேர்வதில்லை.

இந்தக் கதை மருத்துவ ஏடுகளுக்குள் நுழைந்தது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1929-இல், அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணிக்குச் சேர்ந்தார். கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த சிறு குழந்தைகளை அவர் மீண்டும் மீண்டும் பார்த்தார். ஏற்கெனவே அறியப்பட்ட பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோய்தான் இது என்று வாதிட்ட மருத்துவர்கள் உண்டு. வில்லியம்ஸ் தாய்மார்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். அடுத்த பிள்ளை வந்து, மடியிலிருந்து இறக்கப்பட்ட மூத்ததற்கு வரும் நோய் இது என்று அந்த ஊர் மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1933-இல் முதல் கட்டுரையை வெளியிட்ட அவர், 1935-இல் ‘லான்செட்’ ஏட்டில் எழுதியபோது அந்த மக்கள் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே நோய்க்குச் சூட்டினார். தாய்ப்பாலிலிருந்து பிரிக்கப்பட்ட அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சிதான் கிடைத்தது. நம் ஊரில் சவலை என்பது அவ்வளவு குறிப்பான ஒரு நோயின் பெயரன்று. மெலிந்து சிணுங்கும் பிள்ளைகள் பலரையும் அதற்குள் அடக்கிவிடுகிறோம். ஆனால் நடப்பின் வரிசை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்: அடுத்த கரு, பால் நிறுத்தம், வெறுங்கஞ்சி, மெலிவு.

ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் வெறும் பழக்கம்தானே, உணவு தனியாக இருக்கிறதே என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டாம் வயதிலும் பிள்ளைக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தர முடியும். இதை ஒரே வாரத்தில் எடுத்துவிட்டால் ஈடுகட்ட எதைக் கொடுக்கப்போகிறோம் என்பதே கேள்வி. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் 11.3 சதவீதம் மட்டுமே. மற்றவர்களின் தட்டில் ஏற்கெனவே பள்ளம் இருக்கிறது. தாய்ப்பால் அதை ஓரளவு மறைத்துக்கொண்டிருக்கிறது. அது போனதும் வருவது பெரும்பாலும் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் தண்ணீர் கலந்த பாலும் ரசச் சோறும். சேலத்தில் பிறந்து, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலனின் பணியை இங்கே நினைவுகொள்ள வேண்டும். குவாஷியோர்கருக்குப் புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று உலகம் நம்பிய காலத்தில், வீங்கும் குழந்தைகளும் வற்றிப்போகும் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வகை உணவைத்தான் உண்கிறார்கள், மொத்த உணவே அவர்களுக்குப் போதவில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். விலை கூடிய புரதப் பொடி டப்பாக்களை வாங்கும் குடும்பங்கள் இன்றும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பருப்பும் முட்டையும் வேர்க்கடலையும், மேலே ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சோறும் வயிறு நிறையக் கிடைப்பதே முதல் தேவை.

சரி, கரு தங்கிய பிறகு பால் மாறவே இல்லையா? மாறுகிறது, இதில் பெரியவர்களின் கவனிப்பு மிகச் சரியானது. நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன், பாலில் இனிப்பைத் தரும் லாக்டோஸ் உருவாவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட அளவீடுகளில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே லாக்டோஸ் குறைந்து சோடியமும் புரதமும் கூடியது தெரிந்தது. பிள்ளையைப் படிப்படியாகப் பால் மறக்கடிக்கும் எந்தத் தாயிடமும் இதே மாற்றம்தான் நிகழும். பால் சற்று உவர்க்கும்; அளவும் குறையும். பல பிள்ளைகள் முகத்தைச் சுளித்துத் தாமே விலகிக்கொள்வது இதனால்தான். கடைசி மாதங்களில் சீம்பால் சுரக்கத் தொடங்கும்போது, அதன் இளக்கும் குணத்தால் மூத்ததற்கு மலம் தளரலாம். இதையெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பால் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் உவர்ப்பு நஞ்சன்று. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றித்தான். பிள்ளை முன்போல மார்பில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வயிறு நிறைகிறது என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். உள்ளே போவதோ பாதியாகிவிட்டிருக்கும். பால் கொடுத்துக்கொண்டே இருந்தும் பிள்ளை மெலிந்ததைக் கண்டவர்கள் பாலைக் குற்றம் சொன்னதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

அடுத்து, கருச்சிதைவு அச்சம். இதை மருத்துவர்கள் சிலரும் பகிர்ந்துகொள்வதால் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளை பால் குடிக்கும்போது தாயின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்படுகிறது. பிரசவ வலியில் கருப்பையைச் சுருக்குவதும் அதே ஆக்சிடோசின்தான். ஆகவே ஆபத்து என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஹார்மோன் இரத்தத்தில் வந்தால் மட்டும் போதாது, அதை ஏற்கும் ஏற்பிகள் கருப்பைத் தசையில் வேண்டும். கர்ப்பத்தின் முற்பகுதியில் அவை குறைவு. பேறுகாலம் நெருங்கும்போதுதான் பன்மடங்கு பெருகுகின்றன. அதுவரை புரோஜெஸ்டிரோன் தசையை அமைதியாக வைத்திருக்கிறது. சிக்கலற்ற கர்ப்பத்தில் தாம்பத்திய உறவை மருத்துவர்கள் தடுப்பதில்லை. அப்போதும் ஆக்சிடோசின் சுரக்கவே செய்கிறது. உடலியல் விளக்கம் இருக்கட்டும், எண்ணிக்கை என்ன சொல்கிறது? ஜப்பானில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பால் கொடுத்துக்கொண்டிருந்த 110 கர்ப்பங்களைப் பால் கொடுக்காத 774 கர்ப்பங்களோடு ஒப்பிட்டது. கருச்சிதைவு முறையே 7.3 சதவீதம், 8.4 சதவீதம். பொதுவாகவே, அறியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை கலைகின்றன. அவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். பால் கொடுத்த தாய்க்கு அப்படி ஒன்று நேர்ந்தால் பழி பாலின் மேல் விழுந்துவிடுகிறது.

எதிர்ச் சான்றும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. அமெரிக்கத் தேசிய ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், வேறு உணவு எதுவும் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தபோது கருவுற்றவர்களிடம் கருச்சிதைவு 35 சதவீதமாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில், பிற உணவோடு சேர்த்துப் பால் கொடுத்தவர்களிடம் அது 14 சதவீதம். பால் கொடுக்காதவர்களிடம் 15. தாய்ப்பால் மட்டுமே குடிப்பது ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை. அந்தத் தாய்மார்கள் பிரசவித்து ஒரு சில மாதங்களிலேயே மீண்டும் கருவுற்றவர்கள். அவ்வளவு குறுகிய இடைவெளியே ஒரு தனி ஆபத்து. சோறு உண்ணும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் வீட்டுக்கு அந்த 35 பொருந்தாது, 14-தான் பொருந்தும். அதே சமயம், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள் ஆகியோர் மருத்துவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதே சரி. இந்த ஆய்வுகளில் அத்தகையவர்கள் குறைவு. அவர்களுக்கு இந்த எண்களிலிருந்து தைரியம் சொல்ல முடியாது.

எல்லா ஆட்சேபங்களிலும் எடை கூடியது தாயின் உடம்பைப் பற்றியதுதான். குவாத்தமாலா கிராமங்களில் நடந்த நெடிய ஆய்வொன்றின் தரவுகளை மெர்ச்சன்ட், மார்ட்டரெல், ஹாஸ் ஆகியோர் 1990-இல் அலசினர். 504 கர்ப்பங்களில் பாதியில், மூத்த பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தாய் கருவுற்றிருந்தாள். வயிற்றிலிருந்த சிசுவின் வளர்ச்சி குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஆனால் அதற்கான விலையைத் தாய் கொடுத்திருந்தாள்: ஆய்வில் வழங்கப்பட்ட துணை உணவை அதிகமாக உண்டும் அவளது உடற்கொழுப்பு கரைந்திருந்தது. பெருவின் தலைநகர் லிமாவில் ஓர் ஏழைக் குடியிருப்பில் நடந்த ஆய்வு 2002-இல் இன்னொரு கவலையை எழுப்பியது. கர்ப்ப காலத்தில் மூத்ததற்குப் பால் கொடுத்த தாய்மார்களின் புதுக்குழந்தைகள், முதல் மாதத்தில் மற்றக் குழந்தைகளைவிட 125 கிராம் குறைவாக எடை கூடியிருந்தன. ஈரானில் 2012-இல் வெளியான ஒப்பீடு, பிறப்பு எடையிலோ நிறைமாதப் பிரசவத்திலோ வேறுபாடு காணவில்லை. இவற்றைச் சேர்த்துப் படித்தால், நன்றாக உண்ணும் தாய்க்குப் பெரிய இழப்பில்லை. அரைவயிறு உண்ணும் தாய் தன் உடம்பைச் செலவழித்து இரு பிள்ளைகளையும் காக்கிறாள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று அதே குடும்பநல ஆய்வு சொல்வதால் இது தொலைவிலுள்ள நாடுகளின் செய்தியன்று. ஆனால் இதிலிருந்து பாலை நிறுத்து என்ற முடிவுக்குத் தாவுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கர்ப்பிணிக்குக் கூடுதலாக நாளொன்றுக்கு 350 கிலோகலோரி தேவை என்கிறது. பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் 600, அடுத்த ஆறு மாதம் 520. நடைபழகிய பிள்ளை குடிப்பது குறைவு என்பதால் பால் கொடுப்பதற்கான கணக்கு அவ்வளவு வராது. எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை அந்த வீடு கைவிட்டாலே இந்தக் கூடுதலில் பெரும்பகுதி அவள் தட்டுக்கு வந்துவிடும். அவள் உணவை மாற்றாமல் பிள்ளையின் பாலை மட்டும் நிறுத்தும்போது இரண்டு பேர் இழக்கிறார்கள்.

மூத்தது குடித்துத் தீர்த்தால் புதுக்குழந்தைக்குச் சீம்பால் இல்லாமல் போகும் என்ற பயம் தேவையற்றது. நஞ்சுக்கொடி வெளியேறி புரோஜெஸ்டிரோன் சரிந்ததும் பால் சுரப்பு புதிதாகத் தொடங்குகிறது. முதல் நாட்களில் புதுக்குழந்தைக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மூத்ததற்குக் கொடுத்தால் போதும். லிமா ஆய்வின் எச்சரிக்கையை மனதில் வைத்து, கைக்குழந்தையின் எடையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால் கொடுத்தே தீர வேண்டும் என்பதும் என் வாதமன்று. மசக்கையில் தவிப்பவளுக்கு, மார்புக் காம்பு தொட்டாலே வலிப்பவளுக்கு, நிறுத்த விரும்பினால் நிறுத்தும் உரிமை முழுமையாக உண்டு. அமெரிக்காவில் கர்ப்ப காலத்தில் பால் கொடுத்த 503 தாய்மாரிடம் நடத்தி 1979-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளில் பெரும்பாலானவை அடுத்தது பிறப்பதற்குள் தாமாகவோ தாய் விலக்கியோ பாலை மறந்துவிட்டிருந்தன. உடம்பே ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதை வாரக்கணக்கில் நிதானமாகப் பயன்படுத்தலாம். முதலில் பகல் வேளைப் பாலை ஒவ்வொன்றாக உணவால் ஈடுசெய்வது, தூங்கவைக்கும் பாலைக் கடைசியாக விடுவது என்று போகலாம். வேப்பெண்ணெய் ஒரே நாளில் மூன்று இழப்புகளை உண்டாக்குகிறது: ஆற்றல் போகிறது, ஆறுதல் போகிறது, பாட்டி வீட்டுக்கு அனுப்பினால் தாயும் கண்ணிலிருந்து மறைகிறாள். பாட்டி வருவது நல்லதுதான். பிள்ளை இருக்கும் வீட்டுக்கே அவர் வந்தால் அது துணை.

இதில் பெண் குழந்தைகளின் பங்கு தனியாகப் பேசப்பட வேண்டியது. சீமா ஜெயச்சந்திரனும் இலியானா குசியெம்கோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் ஆணைவிடப் பெண் குழந்தைக்குத் தாய்ப்பால் குறைந்த காலமே கிடைப்பதைக் காட்டியது. வெறுப்பினால் நேரடியாக நிறுத்துவதைவிட, மகனுக்காகத் தாய் விரைவில் மீண்டும் கருவுற முயல்வதால் நேர்வது இது. பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவதால், மூத்த பெண்ணின் பால் அந்த ஆசைக்குத் தடையாகிறது. இதனால் ஆண்டுக்குச் சுமார் 22,000 பெண் குழந்தைகள் உயிரிழக்கின்றன என்பது அவர்களின் மதிப்பீடு. ஒரு பிள்ளை பிறந்து அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதங்கள் விடும்படி உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2005-இல் பரிந்துரைத்தது. இரண்டு வயது வரை தாய்ப்பால் என்ற பரிந்துரையோடு அது பொருந்திப்போகிறது.

கரு ஏற்கெனவே தங்கிவிட்ட வீட்டில் செய்ய வேண்டியது வேறு. இரண்டாம் வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும் இடையில் ஒன்றிரண்டு தின்பண்டமும் வேண்டும். ஒவ்வொரு வேளையும் அதன் பின்னால் பொறுமையாக ஒருவர் உட்கார வேண்டும். குமட்டலோடு இருக்கும் தாயால் இது முடியாது. தந்தையோ தாத்தாவோ அந்தக் கிண்ணத்தை ஏற்க வேண்டும். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் தனித்தனியாக வரும் சத்துமாவு, ஒருவர் பங்கை இன்னொருவர் உண்ணாமல் இருவருக்கும் போய்ச் சேர வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் அதே நாளில், மூத்தது இன்னும் பால் குடிக்கிறதா, என்ன சாப்பிடுகிறது என்று இரண்டு கேள்விகள் கேட்டு, அதையும் தராசில் ஏற்றிப் பார்க்கலாம். பிரசவம் வரை மாதந்தோறும் தாயின் எடைக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளையின் எடையும் எழுதப்பட்டால், மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.